புஸ்வாணமா, அணுகுண்டா? ஆப்ஜெக்டிடம் கேட்கலாமா?

ஜாவா படிக்கும் மாணவர்களுக்கு இன்ஸ்டன்ஸ்ஆஃப் அறிமுகமாகிவிட்டால் போதும், குழந்தை கையில் கம்பி மத்தாப்பு கிடைத்த மாதிரிதான். எங்கு பார்த்தாலும் அதுதான்! ஒரு ஆப்ஜெக்ட் இன்ன கிளாஸைச் சேர்ந்ததா என்று கேட்டால், ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று பதில் வரும். அவ்வளவுதான் அதன் வேலை.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடைக்குப் புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'பட்டாசு' தாய் கிளாஸ். அதன் கீழே புஸ்வாணம், சங்குசக்கரம், அணுகுண்டு. பற்றவைத்தால் என்ன ஆகும்? புஸ்வாணம் என்றால் பூவாகக் கொட்டு, சக்கரம் என்றால் சுற்று, அணுகுண்டு என்றால் வெடி என்று பலரும் சரவெடி நீளத்துக்கு இஃப்-எல்ஸ் எழுதுவார்கள்.

இது தப்பு. திரி கொளுத்துகிறவர் பட்டாசிடம் 'நீ யார்?' என்று கேட்பதில்லை. நெருப்பு வைக்கிறார், அது தன் வேலையைச் செய்கிறது. அதேபோல ஒவ்வொரு கிளாஸும் தனக்கென்று ஒரு 'பற்றவை' மெத்தட் வைத்திருந்தால் போதும்.

உச்ச நீதிமன்றம் 2018-ல் கட்டுப்பாடு விதித்தது; 2019-ல் பசுமைப் பட்டாசு வந்தது. இப்படிப் புது ரகம் வரும்போது, இஃப் எழுதியவர் பத்து இடத்தில் திருத்த வேண்டும். ஓரிடத்தை மறந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. மெத்தட் எழுதியவருக்கு ஒரு கிளாஸ் சேர்த்தால் வேலை முடிந்தது.

அப்படியானால் இன்ஸ்டன்ஸ்ஆஃப் வேண்டவே வேண்டாமா? வேண்டும், ஆனால் வாசலில் மட்டும். வெளியிலிருந்து வரும் ஆப்ஜெக்டைச் சோதிக்காமல் 'இது புஸ்வாணம்தான்' என்று காஸ்ட் செய்வது, பெட்டியைத் திறக்காமலே லேபிள் ஒட்டுவது மாதிரி. உள்ளே அணுகுண்டு இருந்தால், புரோகிராம் ஓடும்போது கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வெடிக்கும். நிஜத்திலும் இது நடந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த சிபிஐ அறிக்கை, தடை செய்யப்பட்ட பேரியம் சில பட்டாசுகளில் இருந்ததாகவும், லேபிள் வேறு, சரக்கு வேறு என்றும் சொன்னது.

2004-ல் ஜாவா 5 ஜெனரிக்ஸ் கொண்டுவந்து இந்தச் சோதனையில் பெரும்பகுதியைக் கம்பைலரிடமே ஒப்படைத்தது. 2021-ல் வந்த ஜாவா 16, சோதனையையும் காஸ்ட்டையும் ஒரே வரியில் செய்ய வழி விட்டது. எழுதச் சுலபம் என்பதற்காக எல்லா இடத்திலும் எழுதலாம் என்று அர்த்தமில்லை.

வாசலில் ஒரு முறை நன்றாகச் சோதியுங்கள். உள்ளே விட்ட பிறகு, திரும்பத் திரும்பக் கேட்காமல், ஆப்ஜெக்டை அதன் வேலையைச் செய்ய விடுங்கள்!