தன் வாயால் கெட்ட வாதம்

முள்ளிப்பட்டு, ஆரணி வட்டார நெசவாளர் வீடுகளுக்குத் தண்ணீர்த் தவளை வளர்க்க ஆலோசனை சொல்லும் ஒரு கட்டுரை சென்ற இதழில் வந்திருந்தது. அதன் சாரம் நான்கே வரி. தண்ணீருக்குள்ளேயே வாழும் தவளை எல்லாம் ஒன்றுதான். எந்த மீனோடும் அதைச் சேர்த்து விடலாம். சின்னக் கண்ணாடிக் கிண்ணமே போதும், தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் வேலைக்கு நடுவே கண்ணுக்குக் குளிர்ச்சி. சலித்துப் போனால் ஏரியில் விட்டுவிடலாம், கொசுவாவது ஒழியும்.

நான்கும் தவறு. நாலாவது ஆபத்தும்கூட. மெல்லச் சொன்னால் ஏறாது என்பதால் நேராகவே எழுதுகிறேன்.

முதல் தவறிலிருந்துதான் மற்ற மூன்றும் பிறக்கின்றன. பாவு தப்பாக ஓடிவிட்டால் ஊடையில் எவ்வளவு நல்ல பட்டுப் போட்டாலும் சேலை தேறாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டுரையாளரின் பாவு தொடக்கத்திலேயே தப்பு. மீன் கடைகளில் "தண்ணீர்த் தவளை" என்று விற்பவை பெரும்பாலும் இரண்டு வேறு உயிர்கள். ஒன்று ஹைமெனோகைரஸ் என்னும் ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. நைஜீரியா, கேமரூன், காங்கோ பக்கத்து மெதுவான நீர்நிலைகளைச் சேர்ந்தது. முழுதாக வளர்ந்தாலும் கட்டைவிரல் அளவைத் தாண்டாது. மற்றொன்று ஜீனோபஸ் லேவிஸ் என்னும் நகத்தவளை. தென் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. பெண் தவளை 12 சென்டிமீட்டர் வரை வளரும், பதினைந்து ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். நம் ஊர்க் கடைகளில் வெள்ளை உடலும் சிவந்த கண்ணுமாக மிதப்பது பெரும்பாலும் இதன் வெளிறிய வகை. இரண்டும் பைப்பிடே என்ற ஒரே குடும்பம், இரண்டுக்கும் நாக்கு கிடையாது. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு முடிந்தது.

கட்டுரையாளர் கடைக்காரரைக் கேட்டு எழுதினாரோ, கடைக்காரரே எழுதினாரோ தெரியாது. குட்டியாக இருக்கும்போது நகத்தவளையைக் குள்ளத் தவளை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் பிரித்தறிய விஞ்ஞானி வேண்டாம், கண் போதும். முன்னங்கால் விரல்களைப் பாருங்கள். குள்ளத் தவளைக்கு நான்கு கால்களிலும் விரலிடைச் சவ்வு இருக்கும். நகத்தவளையின் முன்னங்கையில் சவ்வு இராது, விரல்கள் தனித்தனியாக நிற்கும், கண்கள் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்திருக்கும். இந்த ஒரு பத்தியை எழுதியிருந்தால் அந்தக் கட்டுரைக்குப் பாதி மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வாதத்துக்கு வருவோம்: எந்த மீனோடும் விடலாமாம்.

நகத்தவளையோடு எந்த மீனையும் விடக்கூடாது. அது நாக்கால் பிடிப்பதில்லை. நீரின் அதிர்வையும் வாசனையையும் உணர்ந்து பாய்ந்து, முன்னங்கைகளால் இரையை வாய்க்குள் திணித்துக்கொள்ளும். வாயில் நுழையக்கூடியதெல்லாம் அதற்கு இரைதான். கப்பி, டெட்ரா, மோலி எதுவும் மிஞ்சாது. சின்னத் தவளையையும் விட்டுவைக்காது, தன் இனத்துக் குஞ்சையும் தின்னும். "பெரிய மீனைப் போடலாமே" என்பார் கட்டுரையாளர். ஆஸ்கார் போன்ற மீனைப் போட்டால் விருந்தும் விருந்தாளியும் இடம் மாறும், அவ்வளவுதான். நகத்தவளைக்குத் தோழன் வேண்டுமென்றால் ஏறக்குறைய அதே அளவுள்ள இன்னொரு நகத்தவளை. வேறு பதில் இல்லை.

குள்ளத் தவளையின் கதை நேர் எதிர். அது வேட்டைக்காரன் அல்ல, பாவம், மெத்தனமானது. பார்வை மங்கல். பக்கத்தில் வந்து கிடந்தால்தான் தீனி தெரியும். சுறுசுறுப்பான மீன்கள் இருக்கிற தொட்டியில் நீங்கள் போடும் இரை தரையைத் தொடும் முன்பே காலியாகிவிடும். மீன்கள் கொழுக்கும், தவளை கண் முன்னாலேயே மெலிந்து சாகும். வளர்ப்பவர் "நோய் வந்துவிட்டது" என்பார். நோய் அல்ல, பட்டினி. கோல்டு ஃபிஷ் இதை விழுங்கப் பார்க்கும். ஏஞ்சலும் சிக்லிட் வகைகளும் கொத்தும். கோரிடோரஸ் அமைதியான மீன்தான், ஆனால் தவளையின் இரைக்கே தரையில் போட்டி போடும். முள் உள்ள மீனைத் தவளை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். ஆக, குள்ளத் தவளைக்குத் தோழர் தேடினால் முதல் தெரிவு அதன் இனமே: நான்கைந்து தவளைகள் சேர்ந்த ஒரு தனித் தொட்டி. மீன் கட்டாயம் என்றால் நியான் டெட்ரா போன்ற சிறிய, சாந்தமான, நடுநீரில் சுற்றும் மீன் மட்டும். அப்போதும் பிளட்வார்ம் என்னும் புழு இரையைத் தவளையின் முகத்துக்கு நேராக இடுக்கியால் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். "எந்த மீனோடும்" என்ற சொல் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது?

மூன்றாவது, அந்தக் கண்ணாடிக் கிண்ணம்.

இரண்டு தவளைகளும் நீரில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். அதனால் குள்ளத் தவளைக்குத் தண்ணீர் ஆழம் ஓர் அடிக்கு மேல் வேண்டாம். மூடி வேண்டும், ஏனென்றால் துள்ளி வெளியேறிக் காய்ந்து செத்துவிடும். மூடிக்கும் நீருக்கும் நடுவே காற்றிடம் வேண்டும். சத்தமில்லாத மென்மையான ஃபில்டர் வேண்டும். நகத்தவளைக்கு ஒன்றுக்குக் குறைந்தது 40 லிட்டர். கிண்ணத்தில் இதில் எதுவும் அடங்காது. தவளையின் தோல் நீரில் கரைந்ததை உள்ளே விடும் தோல். எனவே மீனுக்குப் போடும் செம்பு கலந்த மருந்து இதற்கு விஷம். குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்காமல் ஊற்றக் கூடாது. இந்த நிலையில் தொட்டியைத் தறிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்! சாயமும் சோப்பும் தொட்ட கை அடுத்த நிமிடம் தொட்டிக்குள் போகும் என்பதை ஒரு நெசவாளர் வீட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தாலே தெரிந்திருக்கும். நகத்தவளைக்கு ஏற்ற நீர் வெப்பம் ஏறக்குறைய 16 முதல் 22 டிகிரி. சித்திரை, வைகாசியில் ஆரணிப் பக்கத்து வீடுகளில் கிண்ணத் தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கும் என்பதைக் கட்டுரையாளர் வேண்டுமானால் கைவிட்டுப் பார்க்கட்டும்.

வீட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதை மறுக்கவில்லை. கற்றுக்கொள்ளட்டும். ஆனால் கை கழுவவும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை குள்ளத் தவளைகளால் பரவிய சால்மோனெல்லா நோய்க்கு 44 மாநிலங்களில் 376 பேர் ஆளானார்கள். பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தொட்டி நீரைச் சமையல் தொட்டியில் கொட்டாதீர்கள், தவளை தொட்ட பாத்திரத்தைச் சோற்றுக்கு எடுக்காதீர்கள். இந்த எச்சரிக்கைக்கு அவருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை, கொசுவுக்கு மட்டும் முழுப் பத்தி கிடைத்தது.

அந்தக் கொசுப் பத்திதான் கடைசித் தவறு. ஏரியில் விட்டுவிடுங்கள் என்கிறார்.

கம்பூசியா மீனைக் கொசு ஒழிக்கத்தான் 1928 இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது நம் மீன்களின் முட்டைகளையும் தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் சேர்த்தே தின்றது. ஜிலேபிக் கெண்டை 1952 இல் வந்தது, இன்று எந்தக் குளத்தில் அது இல்லை? தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனைப் பெருத்ததும் குளத்தில் எறிந்தோம், இன்று அது மீனவர் வலையைக் கிழிக்கிறது. எல்லோரும் ஒரே வசனம்தான் சொன்னார்கள்: ஒன்றை விட்டால் என்ன ஆகிவிடும்?

தவளையிலும் இந்த அனுபவம் இருக்கிறது. நம் நாட்டுக் காளைத்தவளையே, அதாவது ஹோப்லோபட்ராகஸ் டைகரினஸ், அந்தமான் தீவுகளுக்குப் போய்ப் பெருகியது. அங்கே நித்யப்ரகாஷ் மோகந்தியும் ஜான் மீஸியும் நடத்திய ஆய்வில், காளைத்தவளைத் தலைப்பிரட்டைகள் இருந்த தொட்டிகளில் அந்தமான் தவளைகளின் தலைப்பிரட்டை ஒன்றுகூட உயிர் பிழைக்கவில்லை. நம் ஊரில் நட்பான தவளை, தீவில் அப்படி. நகத்தவளையோ உலகறிந்த ஊடுருவி. 1930களிலிருந்து கர்ப்பச் சோதனைக்காகக் கப்பல் ஏறி ஆய்வகங்களுக்குப் போனது. கர்ப்பிணியின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால் பெண் தவளை முட்டையிடும். பிறகு ஆய்வகத்திலிருந்தும் வளர்ப்பு வணிகத்திலிருந்தும் தப்பியும் விடப்பட்டும் கலிஃபோர்னியா, சிலி, பிரான்சு, போர்ச்சுகல், சிசிலி எங்கும் குடியேறியது. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை ஊடுருவல் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. கலிஃபோர்னியாவில் வைத்திருக்கவே தடை. இது ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், குளம் வற்றினால் சேற்றில் புதையும், மழை இரவில் தரைவழியாக அடுத்த குளத்துக்குப் போகும். ஏரிப்பாசன நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தாளி யார்?

"நம் வெயிலில் செத்துவிடுமே" என்று அடுத்த கட்டுரையில் அவர் எழுதுவார் என எதிர்பார்க்கிறேன். செத்தால் அது சித்திரவதை, உயிர் பிழைத்தால் பேரழிவு, இரண்டில் எதற்காக விடச் சொன்னீர்கள்? வெயில் சமவெளியில் எரித்தாலும் இதே மாவட்டத்து ஜவ்வாது மலை குளிர்ச்சியானது. மேலும், சாவதற்கு முன்னே நோயைக் கொட்டிவிட்டுப் போகும். உலகெங்கும் தவளை இனங்களை அழிக்கும் கைட்ரிட் பூஞ்சையை நகத்தவளைகள் தாங்கள் சாகாமலே சுமக்க வல்லவை. ஏரிக்குத் தவளை வேண்டுமென்றால் நம்முடையவற்றைக் காப்பாற்றுங்கள். தவளைக்கால் ஏற்றுமதிக்கு 1987 இல் இந்தியா தடை போட்டதன் காரணமே அவை வயலின் பூச்சிகளைத் தின்பவை என்பதுதான்.

ஒரு கேள்வியை அவரிடமே விடுகிறேன். ஒரு கட்டுரை முழுக்கத் தவளைக்கு யார் தோழன் என்று பேசிவிட்டு, இறுதியில் கமண்டல நாகநதிக் கரை ஏரிகளின் மீனையும் தவளையையும் அதற்கு இரையாக்குவது எந்த ஊர் நியாயம்?

வளர்க்க விரும்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. முன்னங்கையில் சவ்வு இருக்கிறதா என்று பார்த்து இனத்தை உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள். குள்ளத் தவளையானால் தனித் தொட்டியில் கூட்டமாக வையுங்கள். நகத்தவளையானால் வாங்காமலே இருப்பது நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் அதை ஏரியிலோ கிணற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள், அதுவும் முடியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் யோசனை கேளுங்கள்.