கேப்டன் ராஜீவ்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இப்போது பலருக்கு நினைவுக்கு வருவது ஹூண்டாய், ஃபாக்ஸ்கான், ஷிப்ட் பஸ்கள். கொஞ்சம் வயதானவர்களுக்கு 1991 மே 21. அந்த நாளைப் பற்றி குண்டு, சதி, தீர்ப்பு என்றுதான் பேசுகிறார்கள். அன்று மாலை விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கம் வரை விமானத்தை ஓட்டி வந்ததே ராஜீவ் காந்திதான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அடிப்படையில் அவர் ஒரு விமானி. கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்து, பட்டம் வாங்காமலே ஊர் திரும்பியவர். டெல்லி ஃப்ளையிங் கிளப்பில் பறக்கக் கற்றுக்கொண்டு, எழுபதுகளில் இந்தியன் ஏர்லைன்ஸில் ஆவ்ரோ ஓட்டினார். அறிவிப்பில் 'கேப்டன் ராஜீவ்' என்று மட்டும் சொல்வாராம், குடும்பப் பெயர் கிடையாது.

தம்பி சஞ்சய்க்கும் அதே பைத்தியம்தான். ஆனால் அவருக்கு அது பொழுதுபோக்கு. 1980 ஜூன் 23 காலை, சப்தர்ஜங் பக்கம் பிட்ஸ் என்ற குட்டி விமானத்தில் சாகசம் செய்தபோது விழுந்து இறந்தார். வயது 33. உடன் பறந்த கேப்டன் சக்சேனாவும் போனார். அண்ணனின் விமானி வாழ்க்கையும் அதோடு முடிந்தது. அம்மாவுக்கு அரசியலில் ஒரு துணை வேண்டியிருந்தது. சோனியா கூடவே கூடாது என்று மல்லுக்கு நின்றார், பலிக்கவில்லை. 1981ல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு அமேதி இடைத்தேர்தலில் நின்றார் ராஜீவ்.

மேடைகளில் இதைத் தியாகம் என்கிறார்கள். தியாகம் என்றால் தானாக மனமுவந்து கொடுப்பது இல்லையா? இது பிடுங்கிக்கொள்ளப்பட்டது. ஏரோநாட்டிக்கல் படித்துவிட்டு, வீட்டுக் கடனுக்காக ஒரகடத்தில் கார் பம்பர் மாட்டிக்கொண்டிருப்பவரைக் கேட்டால் வித்தியாசம் சொல்வார். (பிரதமராக அவர் செய்த தவறுகள், இலங்கைக்குப் படை அனுப்பியது உட்பட, வேறு கணக்கு. அதை இதில் கழிக்க முடியாது.)

அன்று விசாகப்பட்டினத்தில் விமானத்தில் கோளாறு. பயணம் ரத்து என்ற நிலைமையில் விருந்தினர் மாளிகைக்குக் கிளம்பிவிட்டார். சரியாகிவிட்டது என்று தகவல் வந்ததும் திரும்பினார். முன்னாள் பிரதமர், 46 வயது, வாரக்கணக்கில் தேர்தல் அலைச்சல். பின் சீட்டில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டிருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. நேரே முன்னால் போய் விமானி இருக்கையில் உட்கார்ந்தார். இரவு எட்டு மணிக்கு மேல் மீனம்பாக்கத்தில் இறக்கினார். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு கார்.