எருமைக்கு எழும்பூரில் என்ன வேலை?

தெப்பக்காடு போயிருப்பீர்கள். போகாவிட்டாலும் 2023-ல் ஆஸ்கர் வாங்கிய குறும்படத்தில் பார்த்திருப்பீர்கள். யானை முகாம், மாயாறு, ராகிக் களி உருண்டை. யானைக்கு டாட்டா காட்டி, மசினகுடியில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்த மலை மக்களின் சமாதிகள் என்ன ஆயின என்று கேட்க நமக்கு நேரம் இருந்ததில்லை. இன்று இரண்டு நிமிடம் கொடுங்கள்.

நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். 1870-களின் தொடக்கத்தில் மலைமேல் இருந்த பழைய கல்வட்டங்களைத் தோண்டினார். சாம்பலும் எலும்பும் வைத்த மண் கலயங்கள் கிடைத்தன. மூடிகள் மேல் சுடுமண் பொம்மைகள். வளைந்த கொம்போடு எருமை, குதிரைமேல் ஆள், சிறுத்தை. உள்ளே இருப்பவருக்குக் காவல் என்பது என் கட்சி. போர்னியோவின் தயாக் மக்கள் உலின் என்ற இரும்பு மாதிரி மரத்தில் ஹம்பாதோங் என்று காவல் உருவம் செதுக்கி நடுவார்கள். அவையும் ஐரோப்பிய மியூசியங்களில்தான் நிற்கின்றன. காவலாளியையே தூக்கிப்போவது தனி ரகத் திருட்டு!

பிரீக்ஸ் 1872-ல் இறந்தார். ஊட்டியில் அவர் பெயரில் பள்ளிக்கூடமே இருக்கிறது. நீலகிரிக் கல்லறைகளில் எடுத்தவை எழும்பூரிலும் இருக்கின்றன, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன.

நான் பி.காம். படித்தவன். ஒரு பேரேட்டில் வரவு என்றால் இன்னொன்றில் பற்று எழுதியாக வேண்டும். மியூசியம் ரிஜிஸ்டரில் வரவு இருக்கிறது. மலையின் கணக்கில் பற்று எழுதியது யார்?

2014-ல் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோது கொண்டாடினோம். சரிதான். ஆனால் எருமைக்காக ஒரு அறிக்கை, ஒரு போஸ்டர் உண்டா? கல்லறைகள் எந்தப் பழங்குடியின் முன்னோருடையவை என்று நிரூபணமாகவில்லையே என்பார்கள் அறிஞர்கள். மூடியைத் திறந்தபோது யாரிடம் நிரூபணம் கேட்டார்கள்?

லண்டனோடு சண்டை பிறகு போடலாம். எழும்பூர் மியூசியம் தமிழக அரசுடையது. ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் மியூசியமும் தமிழக அரசுடையவையே. இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்ற எந்த நாட்டுத் தூதரின் கையெழுத்து வேண்டும்? இப்போது மலையில் இருப்பவர் பார்க்க ஆசைப்பட்டால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஊட்டி வந்து, மேட்டுப்பாளையம் இறங்கி, ராத்திரி ரயில் பிடித்து, மறுநாள் பாந்தியன் ரோட்டில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

தெப்பக்காட்டில் ஒரு வயதான பாகனிடம் இதெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் ஒன்றுதான் கேட்டார்: "பொம்மைய எடுத்தாங்க, சரி. அந்த எலும்ப எங்க சார் வெச்சாங்க?"