சங்கிலியில் தொங்கும் உயிர்

பாரம் தூக்கும் சங்கிலி அறுந்தால், "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று நிர்வாகம் கை கழுவுகிறது. உண்மை என்ன? இரட்டைக் கால் சங்கிலியில் ஒரு டன் நேராகத் தொங்கினால் காலுக்கு அரை டன். கால்கள் அகன்று இடைக்கோணம் 120 டிகிரியானால், ஒவ்வொரு காலிலும் முழு டன் இழுவிசை! கலப்பு எஃகுச் சங்கிலியில் 80 அல்லது 100 எனும் தர முத்திரையும், தாங்கும் எடை பொறித்த தகடும் வேண்டும். வளையமும் கொக்கியும் அதற்குக் குறையாத தரமாயிருக்க வேண்டும். முடிச்சுப் போடுவதும் சாதா போல்ட்டால் ஒட்டுப் போடுவதும் கொலைக்குச் சமம். ஆண்டுக்கொரு முறையாவது தகுதியுள்ளவர் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. தோழர்களே! தகடில்லாச் சங்கிலியைத் தனியாக மறுத்தால் சஸ்பெண்டு. சங்கமாக மறுத்தால் புதுச் சங்கிலி!