இறந்தவருக்கு விளக்கு, இருப்பவருக்கு?

நவம்பர் வந்தால் எங்கள் பிள்ளைகள் இரண்டு பூ குத்துகிறார்கள். மாதத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பொப்பி. மாதக் கடைசியில், 27ஆம் திகதி, மண்டபத்தில் கார்த்திகைப் பூ. ஒவ்வொரு வருடமும் உங்களில் ஒருவராவது என்னிடம் கேட்பீர்கள்: “அண்ணா, பொப்பி குத்தலாமா? அது பிரிட்டிஷ் ஆமியின்ர பூவெல்லோ?” குத்துங்கள், இல்லை விடுங்கள், அது உங்கள் சட்டை. என்னிடம் வேறொரு கேள்வி இருக்கிறது. இந்த இரண்டு பூவுக்கும் நீங்கள் உண்டியலில் போடுகிற காசு எங்கே போகிறது?

பொப்பிக் காசு போகிற இடம் தெரியும். ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் 109 பஸ்ஸில் போகிறவர்கள் கொமனுக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிப்பாயைக் கண்டிருப்பீர்கள். தலை குனிந்து, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றிக்கொண்டு நிற்பார். அல்பர்ட் டொஃப்ட் என்ற சிற்பி செய்தது, 1922இல் வைத்தது. அந்த வருடங்களில் இந்த நாடு முழுக்க ஊருக்கு ஊர் இப்படிக் கல்லும் வெண்கலமும் எழுந்தன. அதே நேரத்தில், உயிரோடு திரும்பி வந்தவர்கள் வேலை இல்லாமல் தெருவில் நின்றார்கள். சிலைக்குக் காசு சேர்ந்தது. சிப்பாய்க்குச் சேரவில்லை.

அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எங்களுக்குப் பாடம். தனித்தனியாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நான்கு முன்னாள் படையினர் சங்கங்கள் 1921இல் ஒன்றாகி பிரிட்டிஷ் லீஜன் ஆனது. அந்த நவம்பரிலேயே 90 லட்சம் பொப்பிப் பூக்கள் விற்றார்கள். 106,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காசு வேலைக்கும் வீட்டுக்கும் போனது. அடுத்த வருடம் மேஜர் ஜோர்ஜ் ஹவ்சன் என்பவர், கை கால் இழந்தவர்களே பூ செய்கிற ஒரு பட்டறையை ஓல்ட் கென்ட் ரோட்டில் தொடங்கினார். அது பிறகு ரிச்மண்டுக்குப் போய், இன்றும் இருக்கிறது.

இதற்கு முன்னும் பின்னும் நிறைய. எகிப்துக்குச் சண்டைக்குப் போனவர்களின் மனைவி பிள்ளைகளை யார் பார்ப்பது என்று 1885இல் தொடங்கியது சஃபா. கண் இழந்தவர்களுக்கு 1915இல் செயின்ட் டன்ஸ்டன்ஸ். தொடங்கிய ஆர்தர் பியர்சனே கண் பார்வை இழந்தவர். மனம் உடைந்து வந்தவர்களை மற்றவர்கள் கோழை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1919இல், அவர்களுக்கென்று ஒரு சங்கம். இன்றைக்கு அதன் பெயர் கொம்பட் ஸ்ட்ரெஸ். கால் கை இழந்தவர்களுக்கு 1932இல் பிளெஸ்மா. பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து தொடங்கியது என்று மட்டும் பாருங்கள். ஒரு கண், ஒரு கால், ஒரு மனைவி, ஒரு வாடகை. எதுவும் கொடியிலிருந்து தொடங்கவில்லை.

நான் கணினி ஆலோசகன், ஆகவே எனக்குப் பிடித்த பகுதி மேடைப் பேச்சு அல்ல, கோப்பு. ஒரு முன்னாள் சிப்பாய் உதவி கேட்டால் பயிற்சி பெற்ற ஒரு தொண்டர் வீட்டுக்கு வருவார். வருமானம், கடன், உடல்நிலை எல்லாம் ஒரு படிவத்தில் எழுதுவார். அதே படிவத்தை வைத்துப் பல நிதியங்களிடம் கேட்பார்கள். அந்த மனிதன் ஒவ்வொரு கதவாகப் போய்த் தன் கதையைத் திரும்பத் திரும்ப அழுது சொல்லத் தேவையில்லை. அந்தப் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி இருக்கிறது: “நீ போன சண்டை சரியா?” 2003 பெப்ரவரியில் ஈராக் யுத்தம் வேண்டாம் என்று இந்த நகரத்தில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதே யுத்தத்தில் பஸ்ராவில் கால் இழந்தவரிடம், அந்த யுத்தத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு யாரும் கால் கொடுப்பதில்லை.

இதற்காக இவர்களைத் தலையில் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. அரசு செய்ய வேண்டியதைப் பூ விற்றுச் செய்வது அரசுக்கு வசதி. காலனி நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்காகச் சண்டை பிடித்தவர்களை எடுங்கள். 2018இல், வறுமையில் இருக்கிற அப்படியான ஏறக்குறைய 7,000 முதியவர்களுக்கு நாளுக்கு இரண்டு நேரச் சாப்பாடு கிடைக்க 1 கோடி 18 லட்சம் பவுண் தருவோம் என்று லண்டன் அறிவித்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து 73 வருடம் கழித்து, இரண்டு நேரச் சாப்பாடு! 2021இல் கூர்க்கா முதியவர்கள் சம ஓய்வூதியம் கேட்டு டவுனிங் ஸ்ட்ரீட்டுக்கு எதிரே உண்ணாவிரதம் இருந்ததையும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரனின் தராசு எங்கே சரியும் என்று எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தராசு என்று ஒன்றாவது அவனிடம் இருக்கிறது.

எங்களிடம்?

2009 மே மாதத்துக்குப் பிறகு சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனார்கள். வெளியே வந்தவர்கள் இப்போது முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். எல்லாரும் விரும்பிப் போனவர்கள் என்று நினைக்காதீர்கள். கடைசி வருடங்களில் வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்ததை 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் எழுதியிருக்கிறது. இலங்கை அரசுக்குத் தன் படையினருக்கென்று ரணவிரு சேவா அதிகார சபை இருக்கிறது, 1999இல் சட்டம் போட்டு உருவாக்கியது. (அந்த அரசும் தன் ஆட்களைத் தாங்கோ தாங்கென்று தாங்கவில்லை. 2016 நவம்பரில் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் ஊர்வலம் போன, அங்கவீனமான தன் சொந்தச் சிப்பாய்கள்மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.) மற்றப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அப்படி ஒரு சபை இல்லை, வரப்போவதுமில்லை. வீட்டுக்கு வந்து விசாரிக்கிற புலனாய்வுக்காரர்தான் மிச்சம்.

என் மாமாவின் மகள் ஒருத்தி அங்கே இருக்கிறாள். எனக்கு மச்சாள், என் வயது. 2008இல் நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். அவளை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். அடுத்த ஏப்ரலில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. போன கிழமை போனில் சொன்னாள்: “மச்சான், கால் இல்லாதது பழகிப்போச்சு. போட்டிருக்கிற கால் கழறுறதுதான் பழகேலாமல் கிடக்கு.”

பொறியியல் படித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். செயற்கைக் கால் என்பது ஒருமுறை வாங்கி முடிகிற பொருள் அல்ல. மிச்சக் கால் உட்காருகிற குழிதான் அதில் முக்கியம். மிச்சக் காலின் தசை வருடத்துக்கு வருடம் வற்றும், வெயிலில் வீங்கும், உடம்பு மெலிந்தால் சுருங்கும். அப்போது குழி பொருந்தாது. பொருந்தாவிட்டால் தோல் உரசும், புண்ணாகும், புண் ஆறும்வரை கால் போட ஏலாது, கால் போடாவிட்டால் வேலைக்குப் போக ஏலாது. ஆகவே சில வருடங்களுக்கு ஒருமுறை குழி புதிதாக வேண்டும். பாதம் தேயும், பட்டி அறும். உயிரோடிருக்கிற காலம் முழுக்கப் பராமரிப்பு. யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையம் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவருகிறது. மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து ‘உயிரிழை’ நடத்துகிறார்கள். படுக்கைப் புண் வராமல் திரும்பிப் படுக்க ஒரு மெத்தை, சலக்குழாய், சுத்தத் துணி. எல்லாம் மாதா மாதம் தீர்ந்துபோகிற சாமான்.

மாதா மாதம் தீர்கிற சாமானுக்கு மாதா மாதம் காசு வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்காது. எங்களுக்குப் பிடித்தது கையளிப்பு. தையல் மெஷின் கையளிப்பு, ஆடு கையளிப்பு, சைக்கிள் கையளிப்பு. பின்னால் ஒரு பனர், அதில் லண்டனில் பிறந்தநாள் கொண்டாடும் யாரோ பிள்ளையின் படம். முன்னால் ஒரு பெண் மெஷினைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள், முகம் தெளிவாக, பெயரும் ஊரும் கீழே, “முன்னாள் போராளி” என்ற பட்டமும் சேர்த்து. அன்றிரவே ஃபேஸ்புக்கில். வீட்டுக்குப் புலனாய்வுக்காரன் வருகிற ஒரு ஊரில், பெண் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது “இவ இயக்கத்தில இருந்தவவாம்” என்று காதுக்குள் சொல்கிற ஒரு ஊரில், அவளுடைய முகத்தை உலகத்துக்கு ஒட்டுகிறோம். எதற்கு? காசு கொடுத்தவருக்கு அத்தாட்சி வேண்டுமாம். கணக்கறிக்கைக்குப் பதிலாக ஒரு மனுசியின் முகம். இதைச் செய்கிற எந்த அமைப்பையும் அறப்பணி என்று சொல்ல என் வாய் வராது.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். இறந்தவர் எங்களோடு முரண்பட மாட்டார். உயிரோடிருப்பவர் வாய் திறப்பார், நாங்கள் கேட்க விரும்பாததைச் சொல்வார். தமிழினி 2015இல் புற்றுநோயால் இறந்தபின் அவருடைய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ புத்தகம் வந்தது. இங்கே எழுந்த சத்தம் உங்கள் அப்பா அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். சண்டைக்குள் நின்று, சிறையிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் விசுவாசப் பரீட்சை வைத்தார்கள். புத்தகத்தோடு முரண்படலாம், ஏன் கூடாது? ஆனால் “துரோகி” என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு உதவிப் பட்டியல் எழுதுகிறவர்களிடம் என் மச்சாள் போய்க் கால் கேட்க மாட்டாள்.

இதைச் சொன்னால் பெரியவர்கள் சட்டத்தைக் காட்டுவார்கள். “தம்பி, இங்க தடை இருக்கு, அதுதான் வெளிப்படையாச் செய்யேலாது.” தடை 2001இலிருந்து இருக்கிறது, உண்மை. அது அமைப்புக்குத்தான். பதிவு செய்த ஒரு தொண்டு நிறுவனம், கணக்கைக் காட்டி, யாழ்ப்பாணத்தில் பதிவு செய்த ஒரு நிலையத்தினூடாக ஒருத்தியின் காலுக்குக் காசு கட்டுவது அமைப்புக்கு உதவுவதாகாது. இதே நாட்டுக்குள் வட அயர்லாந்தைப் பாருங்கள். 1998 பெரிய வெள்ளி ஒப்பந்தத்திலேயே விடுதலையாகும் கைதிகளுக்கு வேலை, பயிற்சி, படிப்பு தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். தடைசெய்யப்பட்ட அமைப்புகளில் இருந்தவர்கள் அவர்கள். ஐரிஷ் பக்கத்தாருக்கு ஒரு சங்கம், பிரித்தானிய விசுவாசப் பக்கத்தாருக்கு இன்னொன்று, இரண்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சமாதான நிதியிலிருந்து பணம் போனது. வெளிப்படையாக, கணக்கோடு. ஒளித்துச் செய்வதால் வருகிற பாதுகாப்பு உதவி பெறுகிறவருக்கா, உண்டியல் வைத்திருப்பவருக்கா என்று யோசியுங்கள்.

விளக்கேற்றுவதை நான் குறை சொல்லவில்லை. துயிலும் இல்லங்களை இராணுவம் புல்டோசர் போட்டு இடித்த பிறகு, பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய் லண்டனில் ஒரு மண்டபத்திலாவது நின்று அழ வேண்டும். அதைத் தடுக்க நான் யார்? ஆனால் அந்த மண்டப வாடகை, அந்த ஒலி ஒளி, அந்தப் பூ அலங்காரம் எல்லாவற்றையும் ஒரு பத்தியில் எழுதி, உயிரோடிருப்பவர்களுக்குப் போன காசைப் பக்கத்துப் பத்தியில் எழுதிப் பாருங்கள். எழுதித் தரச் சொல்லி நான் கேட்ட ஒரு இடத்தில் “உமக்கேன் இந்த வேலை?” என்றார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்களில் பல பேர் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களில் இருக்கிறீர்கள், வருடாந்த நிகழ்ச்சிக்கு நல்ல காசு சேர்க்கிறீர்கள். அந்தக் காசை ஒரே நாளில் ஒரு பெரிய காசோலையாகக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். ஐந்து வருடத்துக்குப் பிரித்து, மாதா மாதம் போக ஒழுங்கு செய்யுங்கள். எத்தனை குழி மாற்றியது, எத்தனை மெத்தை போனது என்று எண்களைக் கேளுங்கள், முகங்களைக் கேட்காதீர்கள். படிவத்தில் எந்தப் பிரிவு, எந்தத் தளபதி, யாரோடு நின்றாய் என்ற கேள்விகள் இருந்தால் அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்த 27ஆம் திகதி உண்டியல் உங்கள் முன்னால் வரும்போது, போன வருடக் கணக்கு எங்கே பார்க்கலாம் என்று மரியாதையாகக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் போடாமல் பதிலை மட்டும் டிசம்பரில் இங்கே போடுகிறேன்.