நுணலும் இரு பருவமழைகளும்

நமது புனைகதைகளில் காடு வருகிறது. ஆனால் அக்காட்டில் வாழும் உயிர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. 'பெயர் தெரியாத பறவை' ஒன்று கூவும், 'ஏதோவொரு தவளை' கத்தும். இதனை எளிமை என்று பாராட்டுகிறவர்களும் உளர். நமக்கு இது சோம்பல் என்றே தோன்றுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். மேற்கே கம்பம்மெட்டு ஏறி இறங்கினால் கட்டப்பனை. அப்பகுதியில் கிடைத்த ஒரு தவளையைத்தான் 2003-இல் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசுய்ட்டும் 'நாசிகாபட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ்' என்று அறிவித்தனர். ஊதிப் பருத்த கருஊதா உடல், அதற்குப் பொருந்தாத சிறு தலை, வெளிறிக் கூர்ந்த மூக்கு, குட்டைக் கால்கள், பின்பாதத்தில் மண்ணைத் தோண்ட மண்வெட்டி போன்றதொரு புடைப்பு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கரையான் தின்று கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காக மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் மேலே வருகிறது. இதன் நெருங்கிய உறவுகள் வாழ்வதோ கடல் கடந்த செஷல்ஸ் தீவுகளில்! தலைப்பிரட்டைகள் உறிஞ்சுவாயால் பாறையைப் பற்றிக்கொண்டு ஓடை வேகத்தை எதிர்த்து நிற்பவை. இவற்றை அறிவியலாளர்கள் ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்கு முன்பே விவரித்திருந்தும், வளர்ந்த தவளை எதுவென்று அறிந்திருக்கவில்லை. இடுக்கியின் பழங்குடிகளோ அத்தலைப்பிரட்டைகளை ஓடைகளில் சேகரித்து உண்டு வந்தவர்கள்.

பள்ளத்தாக்கின் மறுபக்கம் வருசநாட்டு மலைகள். அவற்றுக்கு அப்பால் திருவில்லிபுத்தூர்ச் சரிவுகள். அங்கே கிடைத்த தவளையும் பார்வைக்குக் கட்டப்பனைத் தவளையின் உடன்பிறப்புத்தான். ஆயினும் ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்டோர் 2017-இல் அதனைத் தனி இனமாக விவரித்தனர். உடலமைப்பு, தலைப்பிரட்டை, அழைப்பொலி, மரபணு ஆகியவற்றில் வேறுபாடு உண்டு. நம்மைக் கவர்வது அவர்கள் காட்டும் இன்னொரு வேறுபாடு: மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையில் வெளிவருவது; கிழக்குச் சரிவின் தவளை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பது. ஒரே மலைத்தொடரின் இரு சரிவுகளில் இரு காலண்டர்கள். உருவத்தை மட்டும் நோக்குபவர்க்கு இவ்விரண்டும் ஒன்றே. எந்தச் சரிவு, எந்த மழை என்று கேட்பவரே பிரித்தறிவார்.

இவ்வினத்துக்கு 'பூபதி' என்ற பெயர் சூட்டப்பட்டது. மேகமலையின் ஊர்வனவற்றைக் கணக்கெடுத்தவரும், 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விழுந்து உயிரிழந்தவருமான கோவை சாலிம் அலி மைய ஆய்வாளர் சுப்ரமணியம் பூபதியின் நினைவாக.

தமிழில் நாம் இதனை 'ஊதாத் தவளை', 'பன்றிமூக்குத் தவளை' என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து வைத்திருக்கிறோம். கேரளத்தார் மண்ணுக்கடியிலிருந்து ஆண்டுக்கொருமுறை எழுந்து வரும் மகாபலியை நினைத்து 'மாவேலித் தவளை' என்கிறார்கள், எவ்வளவு அழகு! நம்மிடமோ 'நுணல்' என்ற சொல் இருக்கிறது. மணலுள் மறைந்து கிடந்து, தன் குரலாலேயே அகப்பட்டுக்கொள்ளும் தவளையைப் பழமொழி அச்சொல்லால்தான் சுட்டியது. அச்சொல் எந்த இனத்தைக் குறித்தது என்ற வாதத்தை அகராதிக்காரர்களுக்கு விட்டுவிடலாம். மண்ணுள் வாழும் தவளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நாம் புதிதாக ஆக்கப்போவதில்லை.

2021 முதல் அச்சரிவுகள் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் அடங்குகின்றன. புலியைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு. ஐப்பசி மழையில் அங்கே ஓர் ஓடைக்கரையைக் கதையில் எழுதுகிறவர், கத்துவது பூபதியின் நுணல் என்று எழுதட்டும்; கட்டப்பனைத் தவளையை அங்கே கத்தவிட்டால் அது பிழை.