பழவேற்காடு கைமாறிய கதையும் உடன்படிக்கை விவாதமும்

பொன்னேரிக்குக் கிழக்கே, ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துள்ள பழவேற்காட்டில், புதர் மண்டிக் கிடக்கும் இடத்தைக் காட்டி, 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை இதுதான் என்று சொன்னால், புதிதாக வருகிறவர்கள் நம்பத் தயங்குவார்கள். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களையும், உள்ளே கற்பலகைகளில் ஆழமாக வெட்டிய டச்சு எழுத்துக்களையும் குலச் சின்னங்களையும் கண்ட பிறகே, சோழமண்டலக் கரையின் டச்சு வியாபாரத்துக்கெல்லாம் இவ்வூர் ஒருகாலத்தில் தலைமையிடமாக விளங்கிற்று என்பதை அவர்கள் மனம் ஏற்கும். அந்தக் கோட்டை பதினைந்து ஆண்டுகளுக்குள் இருமுறை ஆங்கிலேயர் வசமாயிற்று. முதலில் 1781-இல், பின்னர் 1795-இல். இரண்டுக்கும் மூலகாரணம் கடலுக்கப்பால் இருந்தது.

முதலாவதற்கு வித்திட்டது அமெரிக்கப் புரட்சி. பிரிட்டனை எதிர்த்து எழுந்த அமெரிக்கர்களுக்கு டச்சு வணிகர்கள் வெடிமருந்தும் ஆயுதமும் விற்று வந்தனர். 1780-இல் ஹென்றி லாரென்ஸ் என்ற அமெரிக்கத் தூதரின் கப்பலை மடக்கிய ஆங்கிலேயர், அவர் கடலில் வீசிய காகிதங்களுக்கிடையே டச்சுக்காரரோடு செய்துகொள்ள எண்ணிய ஓர் உடன்படிக்கையின் வரைவைக் கண்டெடுத்து, அதனையும் ஒரு குற்றமாகக் காட்டி அவ்வாண்டு டிசம்பரில் போர் தொடுத்தனர். சமாதானம் ஏற்பட்டபின் பழவேற்காடு டச்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது, அதே போரில் பறிபோன நாகப்பட்டினம் கிடைக்கவில்லை.

இரண்டாவது முறை நிகழ்ந்ததுதான் ஆழ்ந்து யோசிக்கத்தக்கது. ஹாலந்தில் அப்போது இரு கட்சிகள்: ஆரஞ்சு வம்சத்து இளவரசர் ஐந்தாம் வில்லியத்தின் பட்சத்தார் ஒருபுறம், தேசபக்தர் என்று தம்மை அழைத்துக்கொண்ட சீர்திருத்தக்காரர் மறுபுறம். 1787-இல் இளவரசர் பட்சம் பிரஷ்யப் பட்டாளத்தின் துணையால் எதிரிகளை நாட்டைவிட்டே துரத்திற்று. துரத்தப்பட்டவர்கள் பிரான்ஸில் தஞ்சம் புகுந்து, 1795 ஜனவரியில் புரட்சிப் படையோடு, உறைந்து கிடந்த ஆறுகளைக் கடந்து திரும்பி வந்தார்கள். மீன்பிடி படகொன்றில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பிய இளவரசர், அங்கே கியூ அரண்மனையிலிருந்து, டச்சுக் குடியேற்றங்கள் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்காதிருக்க ஆங்கிலப் படைகளை உள்ளே அனுமதிக்கும்படி பிப்ரவரியில் கடிதம் எழுதினார். ஒரு தனிமனிதர் அந்நிய தேசத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. எந்தச் சபையும் அதை விவாதிக்கவில்லை. பழவேற்காட்டுத் துணியை நெய்தவனுக்கும் அதனைக் கப்பலேற்றியவனுக்கும் எசமானர் மாறியது மாறிய பின்னரே தெரிந்தது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இதே பூசல் மூண்டது. ஹாமில்டனின் ஃபெடரலிஸ்ட் கட்சி பிரிட்டனோடு நேசத்தை விரும்பிற்று. ஜெஃபர்ஸனின் குடியரசுக் கட்சி பிரெஞ்சுப் புரட்சியின்பால் பரிவு கொண்டிருந்தது. தலைமை நீதிபதி ஜான் ஜே 1794 நவம்பரில் லண்டனில் கையொப்பமிட்ட உடன்படிக்கை — இந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வியாபாரம் செய்ய அதன் ஒரு ஷரத்து வழிவிட்டது — செனட் சபையில் மூடிய கதவுகளுக்குள் விவாதிக்கப்பட்டு, மூன்றில் இரு பங்கு வேண்டுமென்ற விதிக்குச் சரியாக 20-க்கு 10 என்ற வாக்கில் தேறியது. அந்த மூடுமந்திரம் தவறு என்பதே என் அபிப்பிராயம். பிலடெல்பியாவின் பத்திரிகாசிரியர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாக் அதன் வாசகத்தை அச்சிட்டு ஊரறியச் செய்தார்; ஜேயின் உருவப் பொம்மைகள் தெருக்களில் எரிந்தன; அதை நிறைவேற்றப் பணம் ஒதுக்கும் பிரேரணை 1796 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 51-க்கு 48 என்று மயிரிழையில் பிழைத்தது. சண்டை கடுமையானதுதான், ஆனால் எந்தக் கட்சியும் அந்நியப் பட்டாளத்தை அழைக்கவில்லை, வாக்குகளை எண்ணியே முடிவு கண்டார்கள்.

உடன்படிக்கையால் சினமுற்ற பிரான்ஸ் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்கலாயிற்று. சமாதானம் பேசச் சென்ற தூதர்களிடம் வெளியுறவு மந்திரி தாலிராந்தின் ஆட்கள் லஞ்சம் கேட்ட செய்தி 1798-இல் வெளிவந்ததும் தேசமே கொதித்தது. அந்தக் கொதிப்பைப் பயன்படுத்தி, சர்க்காரைத் தூற்றி எழுதுவோரைச் சிறையிலிடும் ராஜ நிந்தனைச் சட்டத்தை ஃபெடரலிஸ்ட் கட்சியார் ஜூலையில் நிறைவேற்றினர். பிரெஞ்சுக் கையாட்கள் என்று பழிக்கப்பட்ட எதிர்க்கட்சியாருள் ஒருவரான வெர்மான்ட் பிரதிநிதி மாத்யூ லயன் நான்கு மாதச் சிறையும் ஆயிரம் டாலர் அபராதமும் பெற்றார். சிறையிலிருந்தபடியே அவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் அச்சட்டத்தில் கையொப்பமிட்டது அவர் பெயருக்கு மாறாத களங்கம். எனினும் சொந்தக் கட்சியின் போர்வெறியை மீறி அவர் மீண்டும் தூதர்களை அனுப்பி, 1800 செப்டம்பரில் பிரான்ஸோடு சமாதானம் செய்துகொண்டார். கட்சி பிளந்தது, தேர்தலில் தோற்றார். பகையாளியான ஜெஃபர்ஸனிடம் பதவியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்.

நம் நிலை என்ன? வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்யும் அதிகாரம் நம் அரசியல் சாசனப்படி மத்திய சர்க்காருடையது; சட்டம் இயற்றும் அவசியம் நேர்ந்தாலன்றிப் பார்லிமெண்டின் சம்மதம் தேவையில்லை. கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கிய உடன்படிக்கை 1974 ஜூனில் கையொப்பமான பின்னரே, ஜூலை 23-இல் மக்களவையில் அறிக்கையாக வைக்கப்பட்டது, இரா. செழியன் போன்றோர் எதிர்த்துப் பேசினார்களே தவிர, அதன்மீது வாக்கெடுப்பு நடக்கவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தப் புண் ஆறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழவேற்காடு உள்ள இதே மாவட்டத்தில் இன்று, தேர்வாய்கண்டிகையில் பிரெஞ்சுக் கம்பெனியான மிஷெலின் டயர் செய்கிறது. திருவள்ளூரில் அமெரிக்கக் கம்பெனியான கேட்டர்பில்லர் சுரங்கங்களுக்கான பெரும் லாரிகளைச் செய்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் ஓவர்டைம் எந்த நாட்டு ஆர்டரை நம்பியிருக்கிறது என்பது பல சமயம் அவருக்கே தெரியாது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 50 சதவீதம் வரி விதித்தபோது, அதைக் குறைப்பதற்கு ஈடாக நாம் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்று முடிவு செய்யும் உரிமை இத்தகைய மனிதர்களின் பிரதிநிதிகளுக்கு இருந்திருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தை ரகசியமாக நடக்கட்டும். பேரம் பேசுகிறவரின் கையைக் கட்டிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேசி முடித்த வாசகம் கையொப்பத்துக்கு முன் வர்த்தகத்துக்கான பார்லிமெண்டு நிலைக்குழுவிடம் செல்லவேண்டும், பிறகு இரு சபைகளிலும் வாக்கெடுப்புக்கு வரவேண்டும், எதிர்த்து வாக்களிப்பவரை அந்நியக் கையாள் என்று தூற்றும் வழக்கத்தை ஆளும் கட்சி எதுவாயினும் கைவிடவேண்டும் என்பதே கோரிக்கை. நிலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று ஆராயும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அப்படியொரு குழு கும்மிடிப்பூண்டிக்கு வந்து, சிறுபட்டறை முதலாளிகளையும் தொழிற்சங்கத்தாரையும் எதிரில் அமர்த்தி, வரி அட்டவணையை வரிசையாகப் படித்துக் கருத்துக் கேட்பதற்குச் சாசனத்தை ஓர் எழுத்தும் திருத்த வேண்டியதில்லை.